கான்கிரீட் சுவர் மட்டும் கரையைக் காக்காது

2023 டிசம்பர் பெருவெள்ளத்தில், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் உள்ள மணிமுத்தாறு அருவியின் நடைபாதையும் தடுப்புக் கம்பிகளும் சேதமடைந்தன. இது சுற்றுலாப் பயணிகளின் பிரச்சினை மட்டுமல்ல. காட்டில் அரித்து வரும் மண் கீழே மணிமுத்தாறு அணையில்தான் படியும். பாசனத்துக்குத் தேக்கும் தண்ணீர் அந்த அளவுக்குக் குறையும்.

இத்தகைய இடங்களில் உடனே கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள். சுவரில் மோதும் வெள்ளம் அது முடியும் இடத்தில் கரையைப் பறிக்கும். விலங்குகளும் தண்ணீருக்கு இறங்க முடியாது. பாறை இல்லாத மண்கரையில், செங்குத்தாக அறுந்த பகுதியைச் சரிவாக்கி, அடியில் கல் அடுக்கி, மேலே அந்த ஆற்றோரத்திலேயே வளரும் நாணல், நீர்நொச்சியை நடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடித்திருக்க வேண்டும். நடைபாதை சரிவின் குறுக்கே செல்லட்டும். நேராக இறங்கினால் அதுவே ஓடையாகிவிடும்.

காப்பகத்துக்குள் இது வனத்துறையின் வேலை. நம் வாய்க்கால் கரையில் வெட்டிவேரை 15 செ.மீ. இடைவெளியில் நடலாம், மர நிழலில் மட்டும் வேண்டாம்.