குரல் ஏன் உடைகிறது?

வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் இரவில் இணையம் வழியே கூப்பிடுகிறான். நாலு வார்த்தை பேசுவதற்குள் குரல் உடைகிறது. "கேக்குதாப்பா?" என்று தாய் கத்துகிறாள். அதே வேளையில் இளையவனின் செல்போன் கல்யாண வீடியோவை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறது. கம்பெனியிடம் முறையிட்டால் என்ன பதில்? "வேகமான திட்டத்துக்கு மாறுங்கள்!" அதாவது, இன்னும் பணம் கட்டுங்கள்!

வேகம் போதாததுதான் நோயா? இல்லை. ஒரு குரல் அழைப்புக்கு வினாடிக்கு 100 கிலோபிட் தாராளம். நோய் வரிசையில் இருக்கிறது. குரலும் வீடியோவும் சிறு பொட்டலங்களாகவே போகின்றன. வெளியே போகும் வழி வினாடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். மோடத்தில் 256 கிலோபைட் வீடியோ தேங்கினால், அது வெளியேற 2 வினாடி ஆகும். பின்னால் வந்த குரல் அதுவரை காத்துக் கிடக்க வேண்டும். பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர 150 மில்லிவினாடிக்கு மேல் ஆகாதிருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 150 மில்லிவினாடி எங்கே, 2 வினாடி எங்கே?

ரேஷன் கடையில் ஒருவன் முப்பது கார்டுகளோடு முன்னால் நிற்கிறான். ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்த பாட்டி பின்னால் நிற்கிறாள். இதே கதைதான்.

இதைச் சீர்செய்ய இரண்டு வழிகள் உண்டு. "குரலுக்கே முதலிடம்" என்று ரூட்டரில் சட்டம் எழுதுவது ஒன்று. ஆனால் எது குரல் என்பதை யார் சொல்வது? அந்த முத்திரையை எந்தச் செயலியும் குத்திக்கொள்ளலாம். புதுச் செயலி வந்தால் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

மற்றொன்று, நியாய வரிசை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை. முறை வைத்து எடுப்பது. கொஞ்சமாக அனுப்பும் குரல் தானாகவே விரைந்து போய்விடும். வரிசையில் நெடுநேரம் தேங்கும் பொட்டலங்களைக் கழித்து, அனுப்புகிறவனை நிதானிக்கச் செய்யும் 'கோடெல்' முறையை 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்டனர். இரண்டும் சேர்ந்ததே 'எஃப்.க்யூ. கோடெல்'. அதன் வழிவந்த 'கேக்' முறை 2018-ல் லினக்ஸில் சேர்ந்தது. 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்ற இலவச மென்பொருள் ஓடும் ரூட்டர்களில் இரண்டும் கிடைக்கின்றன. வீட்டுக்கு ஏற்றது இந்த வழியே என்பது நம் கருத்து.

ஒரு நிபந்தனை. போகும் வேகம், வரும் வேகம் இரண்டையும் அளந்து, அதில் சுமார் 90 சதவீதத்தை வரம்பாக வைக்க வேண்டும். அப்போதுதான் வரிசை மோடத்தில் தேங்காமல், நம் கட்டுப்பாட்டில் உள்ள ரூட்டரில் நிற்கும். "காசு கொடுத்த வேகத்தை ஏன் விட வேண்டும்?" என்று கேட்கலாம். பத்தில் ஒரு பங்கை விட்டால் பேச்சு முழுதாகக் கிடைக்கிறதே! ஆனால், நிமிடத்துக்கு நிமிடம் வேகம் மாறும் செல்போன் இணைப்புக்கு நிலையான வரம்பு பொருந்தாது.

பெரிய திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பேசும்போது குரல் உடைந்தால், வீடியோ அனுப்புவதை நிறுத்திப் பாருங்கள். உடனே குரல் தெளிந்தால், குற்றவாளி வேகமல்ல, வரிசையே! சரிசெய்ய வேண்டியது அதைத்தான்; கூலிப் பணத்தைக் கம்பெனிக்கு வாரிக் கொடுப்பதல்ல.