அணில் பிழைத்துக்கொள்ளும் என்பவர்களுக்கு

பெரட்டு முடிந்து நாம் நிரையில் இறங்கும் வேளையில் முதலில் கேட்பது அணிலின் குரல். தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் அதன் முதுகில் மூன்று கோடுகளைத் தேடியிருப்பர். இந்நாட்டு அணிலுக்கு முதுகில் கோடில்லை, விலாவில் ஒரு வெளிர்கோடும் ஒரு கருங்கோடும் ஓடும், வயிறு செம்பழுப்பு.

இது தோட்டத்து அணில். லயத்து வாழையிலும் தென்னையிலும் செம்பனையிலும் வயிறு வளர்க்கும். கொக்கோப் பழத்தைக் குடைந்து தின்னும். அதனால் சேதமில்லை என்று நாம் வாதாட வரவில்லை. பழுத்த கொக்கோவை மரத்தில் விட்டுவைக்காமல் காலத்தில் பறித்தால் சேதம் குறையும். அதற்கு ஆள் போடாமல் அணிலுக்கு நஞ்சு வைப்பது என்ன நியாயம்? அந்த நஞ்சு லயத்துக் கோழிக்கும் நாய்க்கும், ஏன், நம் பிள்ளைகளுக்குமே ஆபத்தல்லவா?

ஆயினும் நாம் இன்று பேச வந்தது இன்னோர் அணிலைப் பற்றி. முதுகு கறுப்பு, விலா வெள்ளை, வயிறு சிவப்பு என மூன்று நிறம் கொண்டது அது. பழம் தேடிக் காட்டோரத் தோட்டத்துக்குள் வந்தாலும், தாழ்நிலப் பெருமரக் காடுதான் அதற்கு வீடு. பழத்தைத் தாய்மரத்தடியில் தின்னாமல் தூரக் கொண்டுபோய்த் தின்று விதையை அங்கே போடும். அதாவது, கூலி வாங்காமல் காடு நடும் தொழிலாளி!

காட்டை அழிப்போர் சொல்வதென்ன? “அணில்தானே, எங்கும் பிழைத்துக்கொள்ளும்!” லயத்து அணிலைக் காட்டிக் காட்டு அணிலின் வீட்டைப் பறிக்கும் பேச்சு இது. ஒன்று பிழைத்தது என்பதற்காக மற்றதும் பிழைக்கும் என்று யார் கண்டது?

தோழர்களே, இப்பேச்சு நமக்குப் புதிதா? 1951 முதல் 1960 வரை மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், “தொழிலாளி எங்கும் பிழைத்துக்கொள்வான்” என்றுதான் விற்றவரும் வாங்கியவரும் எண்ணினர். வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்களின் கண்ணீரை அவர்கள் கணக்கில் எழுதவில்லை. 1960-இல் அமரர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி நம்மவர் தோட்டம் வாங்கினர். பாலம் கட்ட மணல் சுமந்த அணிலின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! சிறியவன் பங்கும் பங்குதான் என்பது அன்றே மெய்யாயிற்று.

வீடிழப்பது எப்படி இருக்கும் என்று அறிந்த நாம், பிற உயிர் வீடிழக்கும்போது வாய்மூடி இருக்கலாமா? மறுநடவின்போது ஆற்றங்கரை மரங்களை வெட்டக்கூடாது. எல்லையில் எஞ்சிய காட்டைத் துண்டு துண்டாக்காமல் தொடர்ச்சியாக விடவேண்டும். கரை மரங்கள் நின்றால் மண் சரியாது, ஆறு கலங்காது. வெயிலில் நிற்கும் நமக்கும் நிழல் கிடைக்கும்.

சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் ஒரு கோரிக்கையாகக் கொண்டுபோவோம். கிளைச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றட்டும். அணிலுக்குச் சங்கம் இல்லை; நமக்கு இருக்கிறது!