மில்லிகிராமைச் சட்டம் அளக்கிறது, வாட்டை யார் அளப்பது?

கடந்த நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவின் மூத்த மகன், தேருக்கு மறுநாள் இரவு வீட்டு விறாந்தையில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். கையில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கருவி. அதன் சின்னத் திரையில் 25 என்று ஓர் எண். பஞ்சு கருகிய நாற்றம் முற்றம் வரை வந்தது.

“என்ன அண்ணை, எரிஞ்சு போச்சோ?”

“கூட்டிப் பாத்தனான் தம்பி. ஒண்டும் ஏறேல்லை. அடித்தொண்டை எரியுது, அவ்வளவுதான்.”

பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்பவர் அவர். 22 வருடங்கள் சிகரெட் பிடித்தார். மூன்று வருடங்களுக்கு முன்னர்தான் அதை விட்டுவிட்டு இலத்திரனியல் சிகரெட்டுக்கு மாறினார். அங்கே அவருடைய கருவி 15 வாட்டில் நிற்கும். அதற்குள் ஊற்றும் திரவத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் நிகொடின் இருக்கும். கொண்டுவந்த போத்தல்களில் ஒன்று பயணப்பெட்டிக்குள்ளேயே ஒழுகிவிட்டது. மற்றது முடிந்துவிட்டது. திரவத்தைச் சூடாக்கும் சுருளும், அதாவது ‘கொயிலும்’, தன் ஆயுளை முடித்துக்கொண்டது. வேலை விடயமாகக் கொழும்புக்குப் போன என்னிடம் இரண்டையும் வாங்கி வரச் சொன்னார்.

இலங்கையில் விற்கக்கூடாத ஒரு பொருளைத் தேடித்தான் போனேன், அதை மறைக்கவில்லை. தேடவேண்டிய தேவையும் பெரிதாக இருக்கவில்லை. கைத்தொலைபேசி உறைகள் விற்கும் ஒரு கடையில், மேசைக்குக் கீழிருந்து ஒரு தம்பி எடுத்துத் தந்தார். போத்தலில் ‘3’ என்று மட்டும் இருந்தது. கொயிலுக்குப் பெட்டியும் இல்லை, உறையும் இல்லை. எத்தனை வாட்டில் வைப்பது என்று கேட்டேன். “உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வையுங்கோ அண்ணா. கூட்டினா புகை கூட வரும்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் உலகின் பல சுகாதார அமைச்சுகள் பத்து வருடங்களாகத் தடுமாறிக்கொண்டிருக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கருவிக்குள் இருப்பது ஒரு பற்றரி, ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி அல்லது அதற்குள் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு. பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகி, பஞ்சில் உள்ள திரவம் ஆவியாகும். வலு என்பது வோல்ற்றளவின் வர்க்கத்தைச் சுருளின் தடையால் வகுத்தால் வருவது. வர்க்கம் என்பதுதான் இங்கே விளையாட்டு. வோல்ற்றளவைக் கால்வாசி கூட்டினால் வலு பாதிக்கு மேல் கூடிவிடும். அதனால்தான் கொயிலின் மேலேயே 12 முதல் 16 வாட் வரை என்பது போல ஓர் எல்லையைப் பொறித்திருப்பார்கள். அந்த எல்லையின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி, ருசி சரியாக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். புதுக் கொயில் என்றால் பஞ்சு நன்றாக ஊறச் சில நிமிடங்கள் விட வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். அண்ணைக்கும் அது தெரியும். பொறிப்பே இல்லாத கொயிலில் அவர் எங்கே தொடங்குவது?

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரீனும். முதலாவது 188 பாகை செல்சியஸிலும் இரண்டாவது 290 பாகையிலும் கொதிக்கும். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை ஆவியாதலே சூட்டை எடுத்துக்கொண்டு போகும். திரவம் வந்து சேரும் வேகத்தை விட ஆவியாகும் வேகம் கூடினால் பஞ்சு காய்ந்து சுருளின் வெப்பம் மேலேறும். அப்போது இந்த இரண்டு பொருட்களும் ஆவியாவதோடு நிற்காமல் சிதையத் தொடங்கும். சிதைவில் வருபவற்றில் போர்மல்டிஹைட்டும் ஒன்று. பிரேத அறையை நினைவூட்டும் அதே இரசாயனம், புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உள்ளது.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லன்ட் அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நியூ இங்லன்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ சஞ்சிகையில் ஒரு கடிதம் வெளியிட்டார்கள். 3.3 வோல்ற்றில் இயக்கியபோது போர்மல்டிஹைட்டை வெளிவிடும் சேர்மங்கள் எதையும் அவர்கள் காணவில்லை. 5 வோல்ற்றில் கண்டார்கள். அந்த அளவை வைத்துக் கணக்கிட்டு, நீண்டகாலம் சிகரெட் பிடிப்பவருக்கு போர்மல்டிஹைட்டால் வரக்கூடிய புற்றுநோய் ஆபத்தை விட இது 5 முதல் 15 மடங்கு வரை கூடுதலாக இருக்கலாம் என்றார்கள். அடுத்த நாளே உலகம் முழுவதும் தலைப்புச் செய்தி. ஊடகக் கற்கை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தலைப்புகளில் பெரும்பாலானவை 3.3 வோல்ற்றை மறந்துவிட்டு 5 வோல்ற்றை மட்டும் தூக்கிக்கொண்டன.

கிரேக்க இருதயநோய் ஆய்வாளர் கொன்ஸ்டன்ரினோஸ் பர்சலினோஸ் அதே வருடம் வேறொரு கேள்வி கேட்டார். இயந்திரம் இழுப்பதை மனிதன் இழுப்பானா? அனுபவமுள்ள பாவனையாளர்களிடம் கருவிகளைக் கொடுத்து, எந்த வலுவில் கருகல் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு ஆய்வுகூடத்தில் அளந்தார். கருகல் தெரியாத அளவுகளில் அல்டிஹைட்டுகள் மிகக் குறைவு. கருகிய அளவுகளில் அவை பல மடங்கு எகிறின. கருகிய புகையை எவரும் தொடர்ந்து இழுக்கமாட்டார்கள், ஆகவே 5 வோல்ற்றுக் கணக்கு நடைமுறைக்குப் பொருந்தாது என்பது அவருடைய வாதம்.

இரண்டு பக்கமும் ஒரே கருவியைத்தான் பார்த்தது. ஒரு பக்கம் பொத்தானின் மேல் எல்லையைப் பார்த்தது, மறுபக்கம் மனித நாக்கைப் பார்த்தது. என் அபிப்பிராயத்தில் பர்சலினோஸின் கேள்வி சரியானது. ஆனால் நாக்கைக் காவலுக்கு வைப்பதில் ஒரு குறை உண்டு. நிகொடின் தேவைப்படும் மனிதன் கருகலையும் கொஞ்சம் சகித்துக்கொள்வான். அன்றிரவு விறாந்தையில் நான் பார்த்தது அதைத்தான்.

இப்போது அந்த ‘3’ க்கு வருவோம். ஒரு கருவி உண்டாக்கும் ஆவியின் அளவு, ஏறத்தாழ வலுவுக்கு ஏற்பக் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 15 வாட்டையும் 20 மில்லிகிராமையும் பெருக்கினால் 300. கொழும்புப் போத்தலை அதே 15 வாட்டில் வைத்தால் 45. 25 வாட்டுக்கு ஏற்றினாலும் 75தான். பழைய 300 ஐ எட்ட 100 வாட் வேண்டும், அந்தச் சிறிய கொயில் அதற்குள் சாம்பலாகிவிடும். இது துல்லியமான விஞ்ஞானக் கணக்கு அல்ல, கைக்கணக்கு. ஆனால் அண்ணை ஏன் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார் என்பதை விளங்கிக்கொள்ளப் போதுமானது. அவர் புகைக்காகக் கூட்டவில்லை. நிகொடினுக்காகக் கூட்டினார்.

லண்டன் சவுத் பாங்க் பல்கலைக்கழகத்தின் லின் டோக்கின்ஸ் குழுவினர் 2018 இல் வெளியிட்ட ஆய்வு இதையே 20 பாவனையாளர்களிடம் காட்டியது. 18 மில்லிகிராம் திரவத்திலிருந்து 6 மில்லிகிராமுக்கு மாற்றியபோது அவர்கள் கூடுதல் தடவை இழுத்தார்கள், நீளமாக இழுத்தார்கள், கூடுதல் திரவத்தைத் தீர்த்தார்கள். வலுவை மாற்ற அனுமதித்தபோது அதையும் கூட்டினார்கள். நிகொடினைக் குறைப்பது நல்லதுதானே என்ற பொதுப்புத்தி இங்கே தலைகீழாகிறது. குறைந்த நிகொடினைத் தேடிப் போனவர் கூடுதல் ஆவியையும் அதோடு வரும் சிதைவுப் பொருட்களையும் உள்ளே எடுக்கிறார்.

சட்டங்கள் எதை அளக்கின்றன? ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலைப் பொருட்கள் பணிப்பாணை 2016 மே 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் நிகொடின், தாங்கி 2 மில்லிலீற்றர், மீள்நிரப்பும் போத்தல் 10 மில்லிலீற்றர் என்பன அதன் உச்ச எல்லைகள். கனடாவும் 2021 இல் 20 மில்லிகிராம் என்று வகுத்தது. வாட்டுக்கு எல்லை இல்லை. போத்தலை அளந்த சட்டம் அடுப்பை அளக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அலன் ஷிஹாதேயும் அமெரிக்காவின் வேர்ஜீனியா கொமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ஐசன்பேர்க்கும். இவர்களது குழுவின் 2015 ஆய்வொன்றில், வோல்ற்றளவு, திரவத்தின் செறிவு, இழுக்கும் விதம் ஆகியவற்றை மாற்றியபோது 15 இழுப்புகளில் கிடைத்த நிகொடின் 50 மடங்குக்கு மேல் வேறுபட்டது. ஆகவே செறிவை மட்டும் கட்டுப்படுத்திப் பயனில்லை, ஒரு செக்கனுக்குக் கருவியின் வாயிலிருந்து எத்தனை மில்லிகிராம் நிகொடின் வெளிவருகிறது என்பதைத்தான் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவியை ஒரு நிறுவனமும் கொயிலை இன்னொன்றும் திரவத்தை மூன்றாவதும் விற்கும் சந்தையில் அதை யாரிடம் போய் அளப்பது?

பிரித்தானியா இப்போது வேறு வழியால், வரியால், இந்த எண்ணுக்குள் கை வைக்கிறது. நிகொடின் செறிவுக்கு ஏற்ப மூன்று படிகளில் வரி என்றுதான் 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். அதே வருட இறுதியில் வந்த வரவுசெலவுத் திட்டம் அதைக் கைவிட்டு, 10 மில்லிலீற்றருக்கு 2.20 பவுண் என்ற ஒரே வீதத்தை 2026 ஒக்டோபர் 1 இலிருந்து விதிப்பதாகச் சொன்னது. பலர் கவனிக்காத மாற்றம் இது. முதல் திட்டத்தில் 20 மில்லிகிராம்காரர் கூடுதலாகக் கட்டியிருப்பார், குறைந்த செறிவுக்கு ஓடி வாட்டைக் கூட்டியிருப்பார். ஒரே வீதத்தில் பெரிய கருவியில் 60 வாட்டில் போத்தல் போத்தலாகத் தீர்ப்பவர்தான் அடிபடுவார். சிறிய கருவி, குறைந்த வலு, கூடிய செறிவு என்ற பக்கம் மக்கள் நகர்வார்கள். சிகரெட்டை விட முயல்பவருக்கு இது மோசமான திசை அல்ல. 2019 இல் வெளிவந்த, 886 பேரை வைத்துச் செய்யப்பட்ட பிரித்தானியச் சோதனையில் மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராம் திரவத்துடன்தான் கருவியைக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தின் பின் அவர்களில் 18 சதவீதமானோர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். நிகொடின் ஒட்டுத்தாள், சூயிங்கம் போன்றவற்றைப் பாவித்தவர்களில் அது 9.9 சதவீதம்.

இலங்கையில் நிலைமை எளிமையானது, காகிதத்தில். 2006 ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின் கீழ் 2016 இல் வந்த ஒழுங்குவிதிகள் இலத்திரனியல் சிகரெட்டின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் இலக்கு வைத்தன. இந்தியா 2019 இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. தடையை நீக்கு என்று கேட்க நான் இதை எழுதவில்லை. எங்கள் சிகரெட் சந்தை ஏறத்தாழ முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதன் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ வேறு நாடுகளில் இலத்திரனியல் சிகரெட்டையும் விற்கிறது. கதவைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாம்பழம், புளூபெரி வாசனையோடு வரும் ஒருதடவைப் பாவனைக் கருவியைச் சிகரெட்டே தொட்டறியாத ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் பார்க்க நானும் விரும்பவில்லை.

ஆனால் அந்தக் கருவி ஏற்கெனவே வந்துவிட்டது. நான் போன அதே கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வெளிப்படையாக இருந்தது அதுதான். அதில் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. வாட்டை எங்கோ ஒரு தொழிற்சாலை தீர்மானித்து மூடிவிட்டது. பெட்டியில் 5 சதவீதம் என்றிருந்தது. அதாவது மில்லிலீற்றருக்குச் சுமார் 50 மில்லிகிராம், ஐரோப்பிய எல்லையின் இரண்டரை மடங்கு. உப்பு வடிவ நிகொடின் என்பதால் தொண்டையை அரிக்காது, பிள்ளை இருமாமலே இழுக்கும். இதே போன்ற ஒருதடவைப் பாவனைக் கருவிகளின் விற்பனையைப் பிரித்தானியா 2025 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது.

தடை இருக்கும் நாட்டில் ஒரு பொருளின் மீது எந்த லேபிளும் கட்டாயமில்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பொருளே இல்லை. சுங்கத்தில் பிடிபட்டால் எண்ணிக்கையும் பெறுமதியும் செய்தியாகும். உள்ளே எத்தனை மில்லிகிராம், எத்தனை ஓம், எத்தனை வாட் என்று ஒரு செய்தியிலும் நான் வாசித்ததில்லை. கைப்பற்றியவற்றில் பத்தை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி முடிவை வெளியிட, தடையை நீக்கத் தேவையில்லை. 2019 இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதிப்போடு வைத்தியசாலைகளுக்குப் போனவர்கள் 2,800 க்கும் மேல், இறந்தவர்கள் 68 பேர். அங்கே முக்கிய காரணமாக அடையாளம் காணப்பட்டது வாட் அல்ல, பெரும்பாலும் கஞ்சாச் சாற்றுக் குப்பிகளில் கலக்கப்பட்டிருந்த விற்றமின் ஈ அசிற்றேற். உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்ததால்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அன்றிரவு அண்ணை கருவியை அணைத்துவிட்டு எழும்பிப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. சந்தியில் இருக்கும் பெட்டிக்கடை பத்து மணி வரை திறந்திருக்கும், அங்கே சிகரெட்டை ஒவ்வொன்றாக வாங்கலாம். எந்த எண்ணையும் சரிபார்க்க வேண்டியதில்லை. மிச்சமிருந்த பதினொரு நாளும் அப்படித்தான் போனது.

போன கிழமை தொலைபேசியில் கதைத்தார். பழைய கொயில், பழைய போத்தல், 15 வாட். “இன்னும் நாளுக்கு ரெண்டு சிகரெட் விட முடியேல்லை தம்பி” என்றார். பிறகு, ஒக்டோபரில் போத்தல் என்ன விலைக்கு வரும் என்று என்னிடம் கேட்டார்.