பழைய கைபேசியில் ஒரு பொத்தான்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவருக்குப் பிள்ளைகள் புதிய கைபேசி வாங்கித் தருவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அன்பினால் செய்வது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கும், கைநடுக்கம் உள்ளவருக்கும் கண்ணாடித் திரை எளிய பொருளன்று. நடுங்கும் விரல் ஓரிடத்தைத் தொட நினைத்து வேறோரிடத்தைத் தொடுகிறது. வறண்ட விரல் நுனியைத் திரை சில வேளை உணர்வதேயில்லை. பூட்டைத் திறந்து, உரிய படத்தைத் தேடி, பெயரைக் கண்டுபிடித்து அழைப்பதற்குள் அவர் களைத்துப் போகிறார்.

புதியதை வாங்குமுன் இழுப்பறையில் கிடக்கும் பழைய கைபேசியை எடுத்துப் பாருங்கள் என்பதே எங்கள் கருத்து. அதன் விளிம்பில், அழுத்தினால் விரலுக்குத் தெரியும் பொத்தான்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை வேறு பணிக்கு மாற்றிவிடலாம்.

2017இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்8 இதற்கு நல்ல சான்று. அதன் இடப்புறத்தில், ஒலியளவுப் பொத்தான்களுக்குக் கீழே, பிக்ஸ்பி என்னும் குரல் உதவியாளருக்கென்றே தனிப் பொத்தான் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 9 பதிப்பு வந்தபின், 2019இல், வேறு செயலியைத் திறக்கவும் அதைப் பயன்படுத்தும் வசதியை அந்நிறுவனமே அளித்தது. ஒருமுறை அழுத்தினால் நாம் விரும்பும் செயலி, இருமுறை அழுத்தினால் பிக்ஸ்பி என அமைத்துக்கொள்ளலாம்.

தனிப் பொத்தான் இல்லாத ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குப் 'பட்டன் மேப்பர்' போன்ற செயலிகள் உள்ளன. ஒலியளவுப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மகளின் எண்ணுக்கு நேரே அழைப்புச் செல்லுமாறு செய்யலாம். ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. இவை 'அணுகல்தன்மை' அனுமதியைக் கேட்கும். அந்த அனுமதி பெற்ற செயலியால் திரையில் உள்ளவற்றைப் படிக்கவும் முடியும். எனவே பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே அதை நிறுவுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய கைபேசியில் வங்கிச் செயலி எதுவும் இருக்க வேண்டாம். திரை அணைந்திருக்கும்போது பல கைபேசிகளில் இம்மாற்றம் வேலை செய்யாது. மின்கலச் சேமிப்பு வசதியும் செயலியை நிறுத்திவிடக்கூடும். நோயாளியிடம் கொடுக்குமுன் இவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

மின்பொத்தானைத் தொடாமல் விடுவதே நல்லது. 2017 முதல் இந்தியாவில் விற்கப்படும் ஸ்மார்ட்போன்களில் அவசர அழைப்பு வசதி கட்டாயம். பலவற்றில் மின்பொத்தானை மும்முறை விரைந்து அழுத்தினால் 112க்கு அழைப்புச் செல்லும். (விளையாட்டாக அழுத்திப் பார்க்க வேண்டாம், அழைப்பு உண்மையாகவே போய்விடும்.) நெஞ்சுவலி போன்ற நேரத்தில் 108ஐ அழைக்கவும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றியமைத்த பொத்தானை மட்டும் நம்பியிருக்கலாகாது.

இவையெல்லாம் அரைமணி நேர வேலை. கடினமானது வேறு: அந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? பெரும்பாலும் பிள்ளைகளே தீர்மானித்துவிடுகிறார்கள். எங்களிடம் சிகிச்சை பெற்ற பெரியவர் ஒருவர், மகனை அழைக்கும் பொத்தான் தமக்கு வேண்டாம், வானொலிதான் வேண்டும் என்றார். மகனின் முகம் வாடிவிட்டது. "நீதான் மணிக்கொரு தரம் கூப்பிடுகிறாயே தம்பி, இரவு இரண்டு மணிக்கு எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று பெரியவர் கேட்டார். அவர் சொன்னதே சரியென்று எங்களுக்குத் தோன்றியது. உதவி தேவைப்படும் நேரங்களைப் போலவே உறக்கம் வராத நேரங்களும் நோயின் பகுதிதான். அவற்றை அறிந்தவர் நோயாளி ஒருவரே.

இறுதியில் ஒலியைக் கூட்டும் பொத்தான் மகனுக்கும், குறைக்கும் பொத்தான் வானொலிக்கும் என முடிவாயிற்று. இரண்டும் விரலுக்கு ஒன்றுபோல் தோன்றியதால், வானொலிப் பொத்தானின் மேல் எங்கள் செவிலியர் சிறு பிளாஸ்திரித் துண்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்.