தமிழ்ல எழுதினா திருடனா?

இன்னிக்கு வந்தது ஒரு வயித்தெரிச்சலைக் கொட்ட. அடுத்தவன் மேல இல்லை, என் மேலயே.

பழனியில சொட்டுநீர்ப் பாசன சாமான் விக்கிற கடைக்கார அண்ணன் ஒருத்தர், அப்பாவுக்குப் பழக்கம். அவருக்கு ஒரு வெப்சைட் செஞ்சு கொடுத்தேன். பொருள் பட்டியல், விலை, "உங்கள் தேவையை எழுதுங்கள்"னு ஒரு பெட்டி. அவ்ளோதான். கொஞ்ச நாள்ல அந்தப் பெட்டியில ரஷ்ய மொழியில குப்பை குப்பையா ஸ்பேம் வந்து விழ ஆரம்பிச்சுது. "தம்பி, இதுக்கு ஏதாச்சும் பண்ணுப்பா"ன்னார். நானும் இஞ்சினியரிங் படிச்ச திமிர்ல, ஒரு வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் வச்சிடுவோம்னு உக்காந்தேன்.

பொட்டி தட்டாதவங்களுக்கு ஒரு வரி: சாதாரண ஃபயர்வால் எந்தக் கதவு திறந்திருக்குன்னு மட்டும் பாக்கும். இது, கதவு வழியா வர்ற கடுதாசியைப் பிரிச்சுப் படிச்சுட்டு உள்ள விடும்.

காசு கொடுக்காம கிடைக்கிறது மாட்செக்யூரிட்டி. 2002-ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம், 2024-ல இருந்து ஓவாஸ்ப் அமைப்புகிட்ட இருக்கு. கூடவே ஓவாஸ்ப்போட கோர் ரூல் செட். அதுல பாரனாய்யா லெவல்னு ஒண்ணு உண்டு. தமிழ்ல சொன்னா சந்தேகப் புத்தியோட அளவு. 1-ல இருந்து 4 வரைக்கும். நாம ஒண்ணும் மாத்தலைன்னா 1. நான் 3 வச்சேன். பாதுகாப்பு ஜாஸ்தின்னா நல்லதுதானே!

ரெண்டு வாரம் ஓடுச்சு. ஸ்பேம் சுத்தமா நின்னுச்சு. "தடுக்கப்பட்டவை" எண்ணிக்கை எகிறுச்சு. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு வேற அனுப்பி வச்சேன். அவருக்கும் சந்தோஷம்.

அப்புறம் பாலசமுத்திரத்துல இருந்து அப்பா போன். "ஏண்டா, தோப்புக்கு என்னென்ன பைப் வேணும்னு அந்தக் கடை சைட்டுல எழுதினா ஏதோ 403-ன்னு இங்கிலீஷ்ல திட்டுது. நாலு தடவை எழுதிட்டேன்."

"என்னப்பா எழுதினீங்க?"

"தமிழ்லதான் எழுதினேன். வேற எதுல எழுதுவேன்?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. லாகைத் திறந்தா விஷயம் தெளிவா இருக்கு. லெவல் 3-ல ஒரு விதி: வர்ற ஒவ்வொரு பைட்டும் சாதா இங்கிலீஷ் எழுத்து, எண், குறி இருக்கிற 32-ல இருந்து 126-க்குள்ள இருக்கணும். நம்ம தமிழ் எழுத்து யுனிகோடுல, யுடிஎஃப்-8 முறையில ஒவ்வொண்ணும் குறைஞ்சது மூணு பைட். எல்லாமே 127-க்கு மேல. 'அ'ன்னு ஒரே ஒரு எழுத்து போட்டாலும் விதி பாயும். அதுக்கு 5 மார்க். தடுக்குற எல்லையும் 5. சோலி முடிஞ்சுது.

ரஷ்ய ஸ்பேம் நின்னதுக்கும் இதேதான் காரணம். அதுக்கு ரஷ்ய ஸ்பேமும் எங்கப்பாவும் ஒண்ணுதான். நான் பெருமையா அனுப்பின கணக்குல பாதிக்கு மேல தாக்குதலே இல்லை. ஆயக்குடி பக்கத்துக் கொய்யாத் தோப்புக்காரங்க, வால்வு விலை கேட்டவங்க, எங்கப்பா நாலு தடவை. ரெண்டு வாரமா ஏன் ஒருத்தரும் புகார் பண்ணலைன்னு கேக்குறீங்களா? புகார் எழுதுற பெட்டியும் அதேதானே!

கருவியைக் குத்தம் சொல்ல மாட்டேன். லெவலை ஏத்தினா நல்லவங்களும் மாட்டுவாங்க, பாத்துச் சரிபண்ணுங்கன்னு அந்த ரூல் செட்காரங்களே எழுதி வச்சிருக்காங்க. படிக்காதது நான்.

அப்ப காவலே வேணாமான்னா, வேணும். 2021 டிசம்பர்ல லாக்4ஜே ஓட்டை வெளிய வந்தப்ப, உலகம் முழுக்க புரோகிராமைத் திருத்துற வரைக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கொடுத்தது இந்த ஃபயர்வால் விதிகள்தான். அதையும் எழுத்தை மாத்தி மாத்திப் போட்டுத் தாண்டினாங்கங்கிறது வேற கதை. சுவர் நேரம் வாங்கித் தரும். ஓட்டையை நாமதான் அடைக்கணும்.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. பழனியில இருந்து சென்னைக்கு தட்கல் போட்டு வெறுத்துப்போகாதவங்க உண்டா? முதல் 5 நிமிஷத்துல ஐஆர்சிடிசிக்குள்ள நுழையப் பாக்குறதுல 50 சதவீதம் வரைக்கும் பாட் புரோகிராம்னு 2025 ஜூன்ல ரயில்வே சொல்லுச்சு. பாட்டைத் தடுக்குற வசதியையும் சிடிஎன்னையும் வச்சு, சந்தேகப்பட்ட 2.5 கோடி ஐடியை முடக்கினதாவும் சொன்னாங்க. தேவையான வேலைதான். ஆனா இந்த மாதிரி எண்ணைப் பாத்தா முன்னாடி கைதட்டுவேன். இப்ப, "இதுல நிஜ ஆளு எத்தனை பேரு, அவங்க போய் முறையிட வழி இருக்கா"ன்னுதான் முதல்ல கேக்கத் தோணுது.

கூட்டத்தைச் சமாளிக்கிறது வேற, திருடனைத் தடுக்கிறது வேற. தைப்பூசத்துக்கு மலையேற வர்றவங்களை யாரும் "நீ திருடன்"னு திருப்பி அனுப்புறதில்லை. வரிசையில நிறுத்தி விட்டு விட்டு அனுப்புறாங்க. என்ஜின்எக்ஸ்ல ரேட் லிமிட் வைக்கிறப்போ, கொஞ்ச பேரை உடனே விரட்டாம வரிசையில காக்க வைக்கிற வசதியும் இருக்கு. பலபேர் அதைத் தொடுறதே இல்லை. அதோட ஐபி முகவரியை வச்சு எண்ணுறதுல ஒரு வில்லங்கம். மொபைல் கம்பெனிகள் பல பேரை ஒரே ஐபிக்குப் பின்னால வச்சிருக்கும். ஒரு வேன்ல வந்த இருபது பேரையும் ஒரே ஆள்னு எண்ணி, பத்தொன்பது பேரை வாசல்லயே நிறுத்துற கதைதான்.

சரி, காசு கொடுத்துப் பெரிய இடத்துல வாங்கிட்டா? 2019 ஜூலை 2 அன்னிக்கு க்ளவுட்ஃப்ளேர் தன்னோட ஃபயர்வால்ல ஒரே ஒரு விதி சேத்தாங்க. "பாக்க மட்டும்"னு போட்ட விதி, யாரையும் தடுக்காது. ஆனா அதுல இருந்த ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் உலகம் முழுக்க அவங்க மெஷின்களோட சிபியூவைத் தின்னு, 27 நிமிஷம் ஏகப்பட்ட சைட் படுத்துச்சு. 2025 நவம்பர் 18-லயும் பாட் தடுக்குற பகுதிக்கான ஒரு ஃபைல் அளவு மீறிப் பெருத்து, மணிக்கணக்குல பாதிப்பு. ரெண்டு தடவையும் திருடன் வரலை. காவல்காரன் மயங்கி விழுந்தான், கதவும் பூட்டிக்கிச்சு.

அதனால என் கட்சி இதுதான். காவல்காரனைத் தேர்ந்தெடுக்கிறப்போ எத்தனை திருடனைப் புடிப்பான்னு மட்டும் கேக்காதீங்க. அதை விக்க வர்றவரே சொல்லிடுவார். நாம கேக்க வேண்டியது வேற:

1) முதல்ல தடுக்காம, பாக்க மட்டும் விட முடியுமா? ரெண்டு வாரம் லாகை உக்காந்து படிக்கப் போறது யாரு?

2) நம்ம ஆளுங்க எழுதுற மொழியில எழுதிப் பாத்தாச்சா?

3) காவல்காரன் விழுந்தா கதவு திறக்குமா, பூட்டுமா? சுத்தி விட வேற வழி இருக்கா?

4) தப்பா நிறுத்தப்பட்டவன் யாருகிட்டச் சொல்லுவான்?

நாலாவதுதான் முக்கியம். கதவுக்கு வெளிய நிக்கிறவனோட குரல் எந்த டாஷ்போர்டுலயும் வராது.

இப்ப லெவல் 1-க்கு இறக்கிட்டேன். ஸ்பேமுக்கு, மனுஷன் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்துல ஒளிச்சு வச்சேன். பாட் அதையும் நிரப்பி மாட்டிக்கும். 403 பக்கத்துல தமிழ்ல மன்னிப்பும் கடை போன் நம்பரும் போட்டாச்சு. அண்ணன்கிட்டயும் உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ரெண்டு வாரமா யாவாரம் ஏன் டல்லுன்னு இப்பத் தெரியுது தம்பி"ன்னார். திட்டியிருந்தாக் கூடப் பரவால்ல.

அப்பாவோட ஆர்டர் அஞ்சாவது தடவையில போயிருச்சு.

டிஸ்கி: உங்க சைட்டுக்கு முன்னாடி இப்படி ஒரு காவல்காரன் நின்னா, இன்னிக்கே ஒரு 'அ' போட்டுப் பாத்துடுங்க.