மருந்தை மண்ணில் கொட்டுகிறார்கள்! கேட்பார் யார்?

பால்மரம் வெட்டும் தோழர்களே! கிராணித் தோழர்களே!

கழுவாத மங்கில் விழுந்த பால், ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் திரிந்துவிடுகிறது. ஏன் என்று மரம் வெட்டும் தோழரைக் கேளுங்கள். பட்டணத்துப் படிப்பாளி வாய் திறக்குமுன் அவர் காரணம் சொல்லிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத கிருமி செய்கிற வேலை அது. அதற்காகத்தான் மங்கைத் துடைக்கிறோம், வாளியைக் கழுவுகிறோம், சொட்டு அமோனியா விடுகிறோம். அப்படியும் பால் கெட்டுப்போனால் நட்டம் யார் தலையில் விழுகிறது? நம் தலையில்தான்!

ஆகவே, கிருமியைப் பற்றிப் பேசத் தோட்டத் தொழிலாளிக்கு என்ன தெரியும் என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இதை எழுதுகிறோம். இங்கே நடப்பது ரப்பர்த் தோட்டத் தோழர்களையும் வந்து தொடக்கூடிய காரியம் என்பதால்தான் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மண்ணிலுள்ள கிருமிகளெல்லாம் நமக்குப் பகையல்ல. இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே நிலத்தை மூடிப் படரவிட்ட பயற்றினக் கொடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடிக்கு உரமாக்கித் தருகின்றன. கொடி மக்கினால் அந்த உரம் ரப்பருக்கு. உதிர்ந்த இலையை மண்ணாக்குவதும், வேரைத் தாக்கும் பூஞ்சையை அடக்கி வைப்பதும் இத்தகைய உயிர்களே. பெரட்டுக்கு வராமல், செக்ரோலில் பெயர் இல்லாமல், இரவும் பகலும் பாடுபடும் தொழிலாளர் கூட்டம் அது!

அந்தக் கூட்டம் மனிதகுலத்துக்குத் தந்த பெரிய கொடைதான் ஆண்டிபயாட்டிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்து. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் கல்லூரியில், செல்மன் வாக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். எதிலிருந்து? எரு நிறையப் போட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்று, கோழியின் தொண்டையிலிருந்து ஒன்று, ஆக இரண்டு நுண்ணுயிர் வகைகளிலிருந்து. காசநோயை அடக்கிய முதல் மருந்து அதுவே. நம் பாட்டன்மார் லயத்தில் இருமி இருமிச் செத்த அந்த நோய்க்கு ஊசி வந்தது மண்ணிலிருந்துதான். உழைத்த ஷாட்ஸ் தம் பங்குக்காக 1950இல் வழக்குப் போட வேண்டி வந்தது. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. உழைப்பவன் ஒருவன், பெயர் எடுப்பவன் ஒருவன் என்ற கதை நமக்கென்ன புதிதா?

அடுத்து வந்தது ஆரியோமைசின். அதுவும் மண்ணில் பிறந்த மருந்தே. சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராயிருந்த லெடர்லி கம்பெனியில் 1948இல் வெளிவந்தது. அதே கம்பெனியில் அந்த மருந்தின் கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. பிறகு கேட்க வேண்டுமா? 1950 முதல் நோயில்லாத கோழிக்கும் பன்றிக்கும் மருந்து தீவனமாயிற்று. சீக்கிரம் கொழுத்தால் சீக்கிரம் விற்கலாம், சீக்கிரம் லாபம் எடுக்கலாம். உயிர் காக்க வந்த மருந்து எடை கூட்டும் சரக்காகிவிட்டது!

கோழி தின்ற மருந்து கோழியோடு முடிகிறதா? இல்லை. டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளின் பெரும்பகுதி எச்சத்தோடு அப்படியே வெளியே வந்துவிடுகிறது. மருந்துக்கு அடங்க மறுக்கும் கிருமிகளும் கூடவே வருகின்றன. அந்த எச்சம் மூட்டை மூட்டையாக மலையேறுகிறது. கேமரன் மலைக் காய்கறிக் கொல்லைகளில் பச்சைக் கோழி எருவால் ஈத்தொல்லை பெருகியது நாடறிந்த செய்தி. ஈ கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் பத்திரிகையில் வந்தது. கண்ணுக்குத் தெரியாததை யார் எழுதினார்கள்?

மலை மழை சும்மா இருக்குமா? சரிவில் போட்ட எருவையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு பெர்த்தாம் ஆற்றுக்கும் தெலோம் ஆற்றுக்கும் ஓடுகிறது. 1963இல் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரி சேறு நிறைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, மேட்டில் போடுவது பள்ளத்தில் வந்து சேரும் என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு கிருமி மருந்தை ஏமாற்றும் தந்திரத்தைக் கற்றுவிட்டால் தன் குஞ்சுகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை, பக்கத்திலுள்ள வேற்றினக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். மற்ற மருந்தெல்லாம் தோற்ற பிறகு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் கொலிஸ்டின் ஒன்று. அதற்கு அடங்காத தன்மை இப்படிக் கைமாறுவதை 2015இல் சீனாவில் பன்றிகளிடமும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் கண்டுபிடித்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

கணக்கை விடுவோம். எங்கள் பக்கத்து லயத்து அம்மாள் ஒருவருக்குக் கவாத்துக் கத்தி பட்டுக் காலில் புண். வீட்டுக் கொல்லையில் மூட்டை எரு போட்டுக் கீரை வளர்த்தவர். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தை மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது மருந்துக்குத்தான் புண் அடங்கியது. எருதான் காரணம் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 23 நாள் அந்த அம்மாளின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று செக்ரோலில் எழுதியது நம் கைதான். எங்கள் ஸ்டோர் புத்தகத்தில் எரு மூட்டைக்குக் கணக்கு உண்டு. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதற்குக் கணக்கு இல்லை.

நம் பகாங்கிலேயே மண்ணில் வாழும் கொடிய கிருமி ஒன்று உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருவது அது. அந்தப் பெயரை 1921இல் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டாண்டனும் பிளெச்சரும். காலில் உள்ள வெட்டுக்காயம் வழியே ஏறும். நீரிழிவு உள்ளவரை அதிகம் வாட்டும். 2010இல் மாரான் வட்டாரத்து லூபுக் யூ ஆற்றில் மீட்பு வேலைக்கு இறங்கியவர்களிலேயே சிலரை அது கொன்றது. இந்தக் கிருமி கோழி எருவால் வந்ததல்ல. இயற்கையிலேயே பல மருந்துகளுக்கு அடங்காதது. அதை அடக்க இருப்பவை சில மருந்துகளே. அந்தச் சிலவும் கெட்டுப்போனால், சேற்றில் கால் வைத்துப் பிழைக்கும் நம் கதி என்ன?

எதிர்வாதம் பேசுவோர் இல்லாமலில்லை. ‘மண்ணில் இந்த எதிர்ப்புச் சக்தி ஆதிகாலம் முதலே இருக்கிறதே’ என்பார்கள். உண்மை. மருந்து செய்யும் நுண்ணுயிரும் அதைத் தாங்கும் நுண்ணுயிரும் மண்ணில் எப்போதும் உண்டு. காட்டில் தீப்பொறி எப்போதும் உண்டு என்பதற்காக எண்ணெய் ஊற்றலாமா? ‘அது காய்கறிக்காரர் பாவம், தேயிலைக்கு என்ன’ என்பார்கள். தேயிலையிலும் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து தெளிப்பதுண்டு. செம்பு ஆண்டிபயாட்டிக் அல்ல என்பது சரி. ஆனால் செம்பு மிகுந்த மண்ணில் அதைத் தாங்கிப் பழகிய கிருமிகளிடம் ஆண்டிபயாட்டிக்கைத் தாங்கும் சக்தியும் சேர்ந்திருப்பதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். நிழல்மரக் கிளையை அளவாகக் கழித்து, காலத்தில் கொழுந்தெடுத்து, வானிலை பார்த்துத் தெளித்தால் மருந்து குறையும். அதற்கு ஆள் வேண்டும். ஆளைக் குறைத்து மருந்தைக் கூட்டுவது எந்தத் தோட்டத்திலும் கெட்டிக்காரத்தனமல்ல.

‘மருந்தும் எருவும் இல்லாவிட்டால் விவசாயம் படுத்துவிடும்’ என்பார்கள். படுத்ததா? ஐரோப்பிய யூனியன் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாட்டிக் கலப்பதை 2006இல் நிறுத்திற்று. நம் நாட்டில் 2019இல் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் தடையாயிற்று. இந்தியாவில் நெல்லுக்கும் தக்காளிக்கும் எலுமிச்சைக்கும் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்து தெளித்து வந்தார்கள். 2021 டிசம்பரில் அதற்குத் தடை ஆணை பிறந்தது. 2024 ஜனவரி 1 முதல் அதை உபயோகிப்பதே குற்றம். அரசாங்கங்கள் விழித்திருக்கின்றன, நன்று. ஆனால் புத்ராஜெயாவில் போட்ட சட்டம் எரு லோரியோடு மலையேறி வருகிறதா? பார்க்க வேண்டியது அங்கே வேலை செய்கிற நாமல்லவா?

சிறு காய்கறிக்காரரை விரட்டச் சொல்லவில்லை. எருவே கூடாது என்றும் சொல்லவில்லை. மண்ணின் நுண்ணுயிருக்கு எருதான் சோறு. குவித்து, புரட்டி, சூடேறி நன்றாக மக்கிய எரு போடட்டும். மக்கினால் எல்லாம் தீர்ந்துவிடாது, ஆனால் கிருமி பெருமளவு சாகும். கோழிப்பண்ணை முதலாளி மருந்தைத் தீவனமாக்குவதை நிறுத்தட்டும்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, தோட்டத்துக்குள் வரும் எருவிலும் தெளிப்பு மருந்திலும் என்ன இருக்கிறது என்று, வேலை செய்பவருக்குப் புரியும் மொழியில் எழுதி ஸ்டோரில் மாட்ட வேண்டும். இரண்டு, எரு அள்ளுபவருக்கும் மருந்தடிப்பவருக்கும் பூட்ஸ், கையுறை, கழுவத் தண்ணீரும் சோப்பும், காயத்துக்கு உடனே கட்டும் இலவசமாகத் தர வேண்டும். மூன்று, 1994ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி 40 பேருக்குக் குறையாமல் உள்ள இடத்தில் அமைக்க வேண்டிய கமிட்டி கூடி, இந்த விஷயத்தையும் பேச வேண்டும். நான்கு, இவற்றை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சங்கம் மேசைமேல் வைக்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. டாக்டர் கொடுத்த மருந்தைச் சொன்னபடி சாப்பிடுங்கள். மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக் காய்ச்சலுக்குத் தானம் செய்யாதீர்கள். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத் தோழருக்கும், நேபாளத் தோழருக்கும், இந்தோனேசியத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். கிருமி கடவுச்சீட்டுப் பார்த்துத் தொற்றுவதில்லை.

மண்ணிலிருந்து வந்த மருந்து உலகத்துப் பாட்டாளிகளின் பொதுச்சொத்து. அதை எடை கூட்டும் சரக்காக்கி எருக்குழியில் வீணடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள் தோழர்களே! நாங்கள் மலையில் கொண்டு வருகிறோம்.