குடம் என்ன விலை?

"தண்ணி வந்துச்சுங்களா அக்கா?"

திருப்பூர் லைன் வீடுகளில் காலையில் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி இது தான். காபி குடித்தீர்களா என்பதெல்லாம் அப்புறம்!

அடுத்த கேள்வி இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. "இந்த மாசம் தண்ணிக் காசு எவ்வளவுங்க?"

வரி ஏறுகிறது. வாடகை ஏறுகிறது. அதோடு தண்ணீர்க் காசும் ஏறுகிறது. 2022-ல் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரியை உயர்த்தினார்கள். 2024 டிசம்பரில் வரி உயர்வைக் கண்டித்து திருப்பூர் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். கடைக்காரருக்குச் சங்கம் இருக்கிறது, கதவைச் சாத்தி எதிர்ப்பைக் காட்டினார். லைன் வீட்டில் குடியிருக்கும் பனியன் தொழிலாளி எதைச் சாத்துவது?

மாநகராட்சி ரசீதில் இருக்கும் தொகை மட்டும் தான் தண்ணீர்க் கட்டணம் என்று யாராவது சொன்னால், அவர் திருப்பூரில் வாடகைக்குக் குடியிருந்தவர் அல்ல. இங்கே ஒரு குடும்பம் தண்ணீருக்கு நாலு இடத்தில் காசு கொடுக்கிறது. வீட்டுக்காரரிடம் தண்ணிக் காசு. உப்புத் தண்ணி ஏற்றும் மோட்டாருக்குக் கரண்டு காசு. தட்டுப்பாடு வந்தால் லாரிக்குப் பங்குக் காசு. குடிக்கக் கேன் காசு.

நாலில் ஒன்றுக்குத் தான் ரசீது உண்டு. அந்த ஒன்றும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 36 குடம். மாசத்துக்குப் பதினாறாயிரம் லிட்டருக்கு மேல்.

பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த மூன்றாவது திட்டம் தொடங்கியபோது வீட்டு உபயோகத்துக்கு ஆயிரம் லிட்டர் 5 ரூபாய் என்று விலை வைத்தார்கள். சாயப் பட்டறைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். இருபது வருஷத்துக்கு முந்தைய விலை தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

அந்த 5 ரூபாய்க் கணக்கில் ஒரு குடம் தண்ணீர் ஏழரைப் பைசா.

இப்போது லாரிக்கு வாருங்கள். பன்னிரண்டாயிரம் லிட்டர் லோடு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆயிரம் லிட்டர் 83 ரூபாய் ஆகிறது. சாயப் பட்டறை முதலாளிக்குப் போட்ட விலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு!

கேன் தண்ணீர் இன்னும் மோசம். இருபது லிட்டர் கேன் 35 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டர் 1,750 ரூபாய். பழைய குழாய் விலையைப் போல 350 மடங்கு. அதில் சமைக்கவும் குடிக்கவும் மட்டும் தான் முடியும், வேட்டி துவைக்க முடியாது.

ஆக, குழாய்க் கட்டணத்தில் பத்து ரூபாய் ஏறினால் ஊரே பேசுகிறது. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத நாளில் பையிலிருந்து போகும் நூறு ரூபாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அரை ஷிப்ட் போச்சு

இந்தக் கணக்கில் சேராத காசு ஒன்று உண்டு. அது தான் பெரிய காசு.

காலை எட்டரை மணிக்குக் கம்பெனியில் இருக்க வேண்டும். வேலை அதிகமுள்ள நாளில் ஒண்ணரை ஷிப்ட். வீடு திரும்ப ராத்திரி ஒன்பது மணி தாண்டும். தண்ணீரோ, அது வர நினைத்த நேரத்துக்கு வரும். பகல் பதினொரு மணிக்கு வந்தால் பிடிப்பது யார்?

வீட்டில் கிழவி இருந்தால் தப்பித்தார்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் குடத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த அக்காவும் செக்கிங் வேலைக்குப் போகிறவராக இருந்தால்? யாராவது ஒருத்தி அரை நாள் லீவு போடுகிறாள். சனிக்கிழமை சம்பளக் கவரில் அந்த அரை ஷிப்ட் குறைகிறது.

எந்த ரசீதிலும் வராத இந்தத் தண்ணீர் வரியைப் பெரும்பாலும் பெண்கள் தான் கட்டுகிறார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் இன்னொரு விதமான தண்டனை. தூக்கம் போய்விடும். அரைத் தூக்கத்தோடு காலையில் சிங்கர் மிஷினில் உட்கார்ந்தால் ஊசி விரலைப் பார்க்காது.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

நம் ஜனங்கள் கெட்டிக்காரர்கள். வாசலுக்கு வாசல் நீலப் பேரல். துணி அலசிய தண்ணீர் கக்கூசுக்கு. அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு. குளியலுக்கு உப்புத் தண்ணி, முகம் கழுவ மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணி. டி.வி.எஸ். வண்டியில் இரண்டு பக்கமும் கேன் மாட்டிக்கொண்டு, காசு போட்டால் தண்ணீர் கொட்டும் ஆர்.ஓ. மிஷினுக்குப் போகிறவர்களும் உண்டு.

பேரலில் பிடித்து வைத்தால் அதற்கும் ஆபத்து. நல்ல தண்ணீரில் தான் டெங்கு கொசு முட்டையிடும். கொசுப் புழு பார்க்க வருகிறவர்கள் பேரலைத் திறந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் திட்டுவதும் நியாயம். ஆனால் தினம் தண்ணீர் வந்தால் எவன் பேரலை வாசலில் வைத்து இடத்தை அடைக்கப் போகிறான்?

நம் பக்கத்துக் குற்றமும் உண்டு. குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சும் மகராசன்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர் வீட்டுத் தொட்டி நிரம்பி வழியும்போது கடைசி வீட்டுக் குழாயில் காற்று தான் வருகிறது. மாநகராட்சியைத் திட்டுகிறவர்களில் முதல் ஆள் அந்த மகராசனாகத் தான் இருப்பார்!

வாசலில் ஆறு, தண்ணீர் எங்கிருந்தோ!

திருப்பூருக்கு ஏன் இந்தக் கதி?

ஊருக்கு நடுவே நொய்யல் ஓடுகிறது. அதில் ஒரு குடம் மொண்டு குடிக்க முடியுமா? பனியனுக்குப் போட்ட சாயமெல்லாம் அதில் தான் கலந்தது. 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள், பாசனத்துக்காக. தேங்கியது சாயக் கழிவு. ஆற்றோடு நிலத்தடி நீரும் கெட்டது.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொன்னது. அப்படியும் சரிவர நடக்காததால் 2011 ஜனவரி 28-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. ஊரே ஆடிப்போனது.

கைக்கெட்டிய ஆறு கெட்டதால் ஐம்பது கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்து பவானித் தண்ணீரைப் பம்ப் செய்து கொண்டுவருகிறோம். அந்தக் கரண்டுச் செலவு, குழாய்ச் செலவு, கடன் வட்டி எல்லாம் நம் குடத்தின் தலையில் தான் விழுகிறது.

ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் அது. ஒரு நாளைக்கு 18½ கோடி லிட்டர். தனியார் பங்கோடு நடத்திய குடிநீர்த் திட்டங்களில் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று பேசினார்கள். அதன் சூட்சுமம் என்ன தெரியுமா? சாயப் பட்டறை 45 ரூபாய் கொடுத்தால் தான் வீட்டுக்கு 5 ரூபாய்க்குக் கொடுக்க முடியும். பட்டறைகள் மூடியதும் பெரிய வாடிக்கை போய்விட்டது.

இப்போது பட்டறைகள் கழிவைச் சுத்தம் செய்து அதே தண்ணீரை மறுபடி உபயோகிக்கின்றன. ரொம்ப நல்ல காரியம். கை தட்டுகிறோம். ஆனால் பட்டறை வாங்கும் புதுத் தண்ணீர் குறைந்தால் திட்டத்தின் வருமானத்தில் விழும் ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பார்கள்? வீட்டுக் குழாயைக் கொண்டா? இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்க வேண்டும். கட்டணத்தை உயர்த்தும்போது "செலவு கூடிவிட்டது" என்ற ஒரு வரி போதாது. எந்தச் செலவு, எவ்வளவு என்று நோட்டீசு போர்டில் ஒட்ட வேண்டும்.

2024-ல் நாலாவது குடிநீர்த் திட்டமும் தொடங்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் முறை வைத்துத் தண்ணீர் விடுவது ஏன் என்று தான் ஜனங்கள் கேட்கிறார்கள்.

வெளியூர்ச் சங்கதி

டில்லியில் 2015-ல் மாசம் இருபதாயிரம் லிட்டர் வரை தண்ணீர் இலவசம் என்று அறிவித்தார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. மீட்டர் வைத்த வீட்டுக்கு லாபம் தான். குழாயே போகாத குடிசைப் பகுதியில் லாரிக்குப் பின்னால் ஓடுகிறவனுக்கு இலவசத்தால் என்ன பிரயோசனம்?

சிங்கப்பூரில் 2024-லும் 2025-லும் தண்ணீர் விலையை ஏற்றினார்கள். முன்கூட்டியே சொன்னார்கள், இரண்டு தவணையாகப் பிரித்தார்கள், ஏழைக் குடும்பங்களுக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். ராத்திரியோ பகலோ, திருகினால் தண்ணீர் வருகிறது. அங்கே ஏற்றினால் கொடுக்கலாம்.

பொலிவியா நாட்டில் கோச்சபம்பா என்று ஒரு ஊர். தனியார் கம்பெனியிடம் தண்ணீரை ஒப்படைத்துக் கட்டணத்தைத் தாறுமாறாக ஏற்றியதால் 2000-ல் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நம் ஊர் ஜனங்கள் அவ்வளவு தூரம் போகிறவர்கள் அல்ல. காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்வார்கள், அதிகாரி வந்து சமாதானம் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

செய்ய வேண்டியது

தண்ணீருக்குக் காசு கொடுக்க மாட்டோம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. லாரிக்கும் கேனுக்கும் கொடுக்கிறவர்கள் குழாய்க்கு மறுப்பார்களா?

முதலில் நேரத்தைச் சொல்லுங்கள். எந்த வார்டுக்கு என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே செல்போனுக்குத் தகவல் அனுப்பலாம். பெரிய செலவில்லை. கம்பெனி போகும் பெண்கள் வசிக்கும் தெருக்களுக்குக் காலை ஏழு மணிக்குள்ளோ ராத்திரி ஒன்பதுக்கு மேலோ தண்ணீர் விட்டால் எத்தனையோ அரை ஷிப்ட் மிஞ்சும்.

பிறகு மீட்டர். வந்த தண்ணீருக்குக் காசு வாங்குங்கள், வராததற்கு வாங்காதீர்கள். பத்து வீட்டு லைனுக்கு ஒரே இணைப்பு இருந்தால் பத்துக் குடும்பம் என்று எண்ணிக் கணக்குப் போடுங்கள். ரசீதைக் காட்டாமல் தண்ணிக் காசு கேட்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு கடிவாளம் வேண்டும். லாரித் தண்ணீருக்கு லோடு இத்தனை ரூபாய் என்று லாரியின் முதுகில் எழுதி ஓட்டச் சொல்லுங்கள். ஆட்டோவுக்கு மீட்டர் கேட்கிற ஊரில் தண்ணீர் லாரிக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

பாக்கி வைத்தவன் இணைப்பைத் துண்டிக்க ஆள் அனுப்புகிறார்கள். அதே வேகத்தில் குழாயில் மோட்டார் மாட்டியவர் வீட்டுக்கும் அனுப்பட்டும். எந்தத் தெருவில் எந்த வீடு என்று கேட்டால் கடைசி வீட்டு அக்கா விரலை நீட்டிச் சொல்லுவார்.